ஒற்றைக் கம்பியில் 64 விளக்குகள்

கொழும்பின் வெசாக் பந்தல்களில் மின்குமிழ்கள் ஓடுவதும் சுழல்வதும் நாம் பார்த்து வளர்ந்த காட்சி. அந்த ஓட்டத்தை முன்பெல்லாம் நடத்தியது, பந்தலின் பின்னால் சுழன்ற ஓர் உருளை. அதன் மேல் செப்புத் தகடுகள் பதித்திருப்பார்கள். மோட்டர் உருளையைச் சுற்றும்போது தகடு தொடும் வயரில் மின்சாரம் பாய்ந்து ஒரு தொகுதிக் குமிழ்கள் எரியும். தகடு விலகினால் அணையும். ஒவ்வொரு தொகுதிக்கும் தனி வயர் வேண்டும் என்பதால் பந்தலின் முதுகுப்புறம் வயர்க்காடாகவே இருக்கும்.

இதே வேலையை, இன்னும் நுணுக்கமாக, உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகடு இப்போது செய்கிறது. ஆர்டுயினோ போன்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைகளுடன் இணைக்கும் வண்ண எல்.ஈ.டி. தகடு அது. எட்டு வரிசை, எட்டு நிரல், மொத்தம் 64 விளக்குகள். இணைக்க வேண்டியவை மூன்றே வயர்கள்: 5 வோல்ட், கிரவுண்ட், தகவல். வயரே இல்லாமல் ஆர்டுயினோவின் மேல் நேராகச் செருகும் வகையும் உண்டு. நியூயோர்க்கின் அடாஃப்ரூட் நிறுவனம் வெளியிட்ட நியோபிக்சல் ஷீல்டு அப்படிப்பட்டது. அதில் 40 விளக்குகள்.

தகட்டிலுள்ள ஒரு விளக்கைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஐந்து மில்லிமீற்றர் சதுரத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் தரும் மூன்று புள்ளிகளும், மயிரிழை போன்ற கம்பிகளால் அவற்றோடு இணைந்த ஒரு சில்லும் தெரியும். பரவலாகப் புழங்கும் இவ்வகை விளக்கின் பெயர் டபிள்யூ.எஸ். 2812பி, சீனாவின் வேர்ல்ட்செமி நிறுவனத் தயாரிப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் என்பதால், ஒரு விளக்கு ஏறத்தாழ ஒரு கோடியே 67 இலட்சம் நிறக்கலவைகளைக் காட்ட வல்லது.

ஒற்றைக் கம்பியில் வரும் கட்டளையில் தனக்குரியது எது என்று விளக்குக்கு எப்படித் தெரியும்? அன்னதானப் பந்தியில் வாழையிலைக் கட்டு கைமாறிப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் இருப்பவர் மேலிலையைத் தனக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்தவரிடம் தள்ளுவார். இங்கும் முதல் விளக்கு முதல் 24 பிட்களை வைத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்கு அனுப்புகிறது. கம்பியில் மின்னழுத்தம் சற்றுக் குறைந்த நேரம் உயர்ந்து நின்றால் 0, கூடிய நேரம் நின்றால் 1. ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ செக்கன். 64 விளக்குகளுக்கும் கட்டளை போய்ச் சேர 2 மில்லி செக்கன்கூட ஆகாது. பிறகு கம்பி சிறிது அமைதியானதும் எல்லா விளக்குகளும் ஒன்றாக நிறம் மாறும்.

இந்தத் தொடர் முறையால் பழுது பார்ப்பதும் எளிது. பாதித் தகடு இருண்டுவிட்டதா? முதலில் இருண்ட விளக்கையும் அதற்கு முந்தியதையும் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றில் அல்லது இடையிலுள்ள ஈய ஒட்டில்தான் இருக்கும்.

பழகிப் பார்க்க நல்ல பாடம் பௌத்தக் கொடி. வெசாக் தினம் அரச விடுமுறையான 1885இல் அந்தக் கொடி முதலில் ஏற்றப்பட்டது நமது கொட்டாஞ்சேனையில், தீபதுத்தமாராம விகாரையில். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் என ஐந்து நிறங்கள். நீலமும் சிவப்பும் நேரடியாகக் கிடைக்கும். வெள்ளைக்கு மூன்றையும் ஏற்ற வேண்டும். மஞ்சளும் செம்மஞ்சளும்தான் பொறுமையைக் கேட்கும்: இரண்டுமே சிவப்பும் பச்சையும் கலந்தவை, பச்சையின் அளவில்தான் வேறுபாடு. சிவப்பை உச்ச அளவான 255இல் வைத்துப் பச்சையை 80 அளவிலிருந்து மெல்லக் கூட்டிப் பார்த்தால் செம்மஞ்சள் மஞ்சளாகும் இடம் கண்ணுக்கே பிடிபடும்.

ஆடிவேலுக்கு வெள்ளவத்தைப் பிள்ளைகள் ஒரு வேல் வரையலாம். இலையும் தண்டும் எட்டுக்கு எட்டில் அழகாக அமையும். தமிழ் எழுத்துத்தான் சிரமம். ஆங்கில எழுத்து ஐந்து நிரலில் முடிந்துவிடும். நமது ‘ண’வுக்கு அகலம் போதாது, ‘கி’யின் மேல்விலங்குக்கு மேலே இடமில்லை. பதினாறுக்குப் பதினாறு தகடு எடுத்து, சதுரத்தாளில் எழுத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து ஏற்றுவதே சரியான வழி. செய்யத் தகுந்த வேலை இது. தமிழ் எழுத்து ஒளிர வேண்டுமானால் தமிழ்ப் பிள்ளைகளே அதை வரையட்டும்.

பலர் சறுக்குவது மின்சாரக் கணக்கில். ஒரு விளக்கு முழு வெள்ளையில் ஏறத்தாழ 60 மில்லி அம்பியர் எடுக்கும். 64 விளக்குகளுக்கு 3.84 அம்பியர், 256 விளக்குகளுக்கு 15 அம்பியருக்கும் மேல். கணினியின் சாதாரண யூ.எஸ்.பி. வாய் தருவது அரை அம்பியர் மட்டுமே. மின்சாரம் போதாதபோது வெள்ளை சிவந்துபோகும். நீலத்துக்கும் பச்சைக்கும் கூடிய மின்னழுத்தம் தேவைப்படுவதால் அவை முதலில் மங்கும், சிவப்பு எஞ்சும். நிறம் சிவக்கிறதென்றால் ஆர்டுயினோவுக்கு எழுதிய நிரலில் பிழை தேட வேண்டாம், மின்வழங்கியைப் பாருங்கள்.

தகட்டுக்குத் தனி 5 வோல்ட் மின்வழங்கி கொடுத்து, அதன் கிரவுண்டை ஆர்டுயினோவின் கிரவுண்டோடு இணைக்க வேண்டும். தகவல் வயரில் 300 முதல் 500 ஓம் வரையான தடை ஒன்றும், மின்வாயில் 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றும் தகட்டைக் காக்கும். 3.3 வோல்டில் இயங்கும் ஈ.எஸ்.பி. 32 பலகையானால் தகவல் வயரில் மின்னழுத்தத்தை உயர்த்தும் சில்லும் வேண்டும். வீட்டுக்குள் முழு வெளிச்சம் தேவையே இல்லை. 255இல் 40 வைத்தாலே கண்ணுக்குப் போதும், மின்சாரமும் ஆறில் ஒரு பங்காகும்.

கடதாசியும் மூங்கிலுமான வெசாக் கூட்டுக்குள் 230 வோல்ட் குமிழைத் தொங்கவிடுவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது. என்றாலும் மெல்லிய வயரில் பல அம்பியர் பாய்ந்தால் வயர் சூடாகும். பெற்றோரிடம் கேட்பது இதுதான்: பிள்ளைக்குத் தகடு வாங்கிக் கொடுக்கும்போது தரமான 5 வோல்ட், 4 அம்பியர் மின்வழங்கியையும், தடித்த வயரையும் சேர்த்தே வாங்குங்கள். மே மாத மழை படாத இடத்தில் அந்த மின்வழங்கியை வைத்து, சுவர்ச் செருகியில் இணைக்கும் வேலையை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.