மலையேறும் காரும் மூன்றாம் பிஸ்டனும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி

கார் என்றதும் நம் கண்முன் வருவது அதன் வண்ணமும் பளபளப்பும்தான். முன்மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அதிலும் பெண் பிள்ளைகள் எட்டிப் பார்த்தால், “உங்களுக்கு எதற்கம்மா இந்த எண்ணெய்க் கறை?” என்று கேட்பவர்கள் உண்டு. இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் வகுப்பு மாணவியர் நால்வர் அந்தக் கறையை விரும்பியே பூசிக்கொண்டோம். கோடை விடுமுறையில், எங்களில் ஒருத்தியின் பெரியப்பா கோவையில் நடத்தும் லேத் பட்டறையில், டர்போ எஞ்சின் ஒன்று முழுவதுமாகப் பிரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்டதை அருகிலிருந்து பார்த்தோம். சில வேலைகளை எங்கள் கையாலும் செய்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கார் அவளுடைய அத்தையினுடையது. அத்தை பல் மருத்துவர். வாரம் இருமுறை கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்குச் சென்று வருபவர். அவர் பழைய காராக வாங்கியது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். என்னும் வண்டி. அதிலுள்ள 1.8 லிட்டர் டர்போ எஞ்சின், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தார் 1990களின் நடுவில் கொண்டுவந்தது. ஆடி, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, சியட் எனப் பல கார்களில் அதுவே இருந்தது. சிலிண்டர்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் காற்று உள்ளே வர மூன்று, புகை வெளியேற இரண்டு என ஐந்து வால்வுகள். ஆக மொத்தம் இருபது! அத்தையின் வண்டியில் இது 150 குதிரைத்திறன் தருவது. ஒருநாள் மலைப்பாதையில் வண்டி குலுங்கியது, பின்னால் நீலப்புகை கிளம்பியது. இழுவை வண்டியில் ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டு வந்தார்கள்.

டர்போ என்றால் என்ன? கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். துருத்தியை அழுத்தினால் அதிகக் காற்று உட்புகுந்து உலை சீறி எரிகிறது. எஞ்சினுக்கும் அப்படித்தான். அதிகக் காற்றை உள்ளே அழுத்தினால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். அதிகத் திறன் கிடைக்கும். இந்தத் துருத்தியை அழுத்த ஆள் வேண்டாம் என்பதுதான் வேடிக்கை. வெளியேறும் புகையே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. வீணாகப் போகும் புகையிடமிருந்தே வேலை வாங்கும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

மலைக்கும் டர்போவுக்கும் பழைய உறவு உண்டு. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. மூச்சு வாங்குவது நமக்கு மட்டுமல்ல, எஞ்சினுக்கும்தான். 1918இல் அமெரிக்காவின் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கே கொண்டு போய் ஓட்டிப் பார்த்தார். டர்போவின் துணையால், சமவெளியில் தரும் திறனை அது உச்சியிலும் தந்தது.

இனி எங்கள் எஞ்சினுக்கு வருவோம். ஹெட்டைக் கழற்றியதும் பெரியப்பா டார்ச் அடித்துக் காட்டினார்கள். மூன்றாம் சிலிண்டரின் சுவரில் நெடுகக் கீறல். பிஸ்டனை உருவி எடுத்தபோது, முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவே உள்ள வரம்பு உடைந்து, ஒரு துண்டே காணாமற் போயிருந்தது. “இது தேய்மானம் இல்லை, அடி” என்றார்கள் பெரியப்பா.

யார் அடித்தது? சிலிண்டரில் பெட்ரோலும் காற்றும் ஸ்பார்க் பிளக்கின் பொறியிலிருந்து தொடங்கி ஒழுங்காகப் பரவி எரிய வேண்டும். அழுத்தமும் வெப்பமும் மிதமிஞ்சினால், தீ வந்து சேருமுன்பே ஓரத்திலுள்ள கலவை தானாக வெடித்துவிடும். அதற்கு நாக்கிங் என்று பெயர். சம்மட்டியால் பிஸ்டன் தலையில் தட்டுவது போன்றது அது. எஞ்சினில் இதைக் கேட்பதற்கென்றே இரண்டு உணரிகள் காது போல இருக்கின்றன. தட்டல் கேட்டால் கணிப்பொறி பொறியின் நேரத்தைத் தாமதப்படுத்திக் காப்பாற்றும். ஆனால், காரை முன்பு வைத்திருந்தவர் அந்தக் கணிப்பொறியின் கணக்கையே மாற்றி, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். வேகம் கிடைத்தது. அடி மட்டும் அத்தை வாங்கிய பிறகு விழுந்தது.

அடித்தொட்டியைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வலையில் தார் போன்ற கறுப்புக் களிம்பு பாதி அடைத்திருந்தது. எண்ணெயைக் காலத்தில் மாற்றாததன் பலன். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமோ!

இந்த இடத்தில் பட்டறையில் ஒரு வாக்குவாதம் நடந்தது. அத்தையின் மகன் கல்லூரியில் படிக்கும் அண்ணா. “மாமா, எப்படியும் பிரித்தாகிவிட்டது. பெரிய டர்போ போட்டு முந்நூறு குதிரைத்திறன் ஆக்கிவிடலாமே?” என்றார். “உங்கம்மா பந்தயத்துக்கா போறா? பல்லுப் பிடுங்கப் போறா, கண்ணு” என்று பெரியப்பா சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு காகிதத்தில் கோடு வரைந்து காட்டினார்கள்.

பெரிய டர்போவின் சக்கரம் கனமானது. அதைச் சுழற்ற நிறையப் புகை வேண்டும். எஞ்சின் 4,000 சுற்றை எட்டும் வரை அது தூங்கும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் ஏறும்போது எஞ்சின் 2,000 சுற்றில்தான் இருக்கும். அங்கே அதனால் பயனில்லை. பிறகு வளைவின் நடுவில் திடீரென்று விழித்துக்கொண்டால் சக்கரம் வழுக்கும். வண்டியோடு வந்த சிறு டர்போவோ 1,750 சுற்றிலேயே தன் முழு இழுவிசையான 210 நியூட்டன் மீட்டரைத் தந்துவிடுகிறது. பந்தயக்கார எஞ்சினை ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் பிரித்துப் பார்க்க ஆள் உண்டு. சாலையில் ஓடும் எஞ்சின் காலையில் குளிரோடு கிளம்ப வேண்டும், நெரிசலில் நிற்க வேண்டும், எந்த பங்கில் எந்தப் பெட்ரோல் கிடைத்தாலும் குடிக்க வேண்டும். ஓட்டுபவரின் மறதியையும் அது மன்னிக்க வேண்டும்.

மறதிக்கு ஒரு சரித்திரச் சான்றையும் பிறகு தேடிப் படித்தோம். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் விற்பனைக்கு வந்தது. நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. அருமையான யோசனை, ஆனால் தொட்டி காலியானால் நிரப்ப வேண்டுமே! பலர் நிரப்பவில்லை. 1963ஆம் ஆண்டு மாடலோடு அந்தக் கார் நின்று போனது. 1977இல் சுவீடனின் சாப் நிறுவனம் 99 டர்போவைக் காட்டியபோது, சிறிய டர்போவை வைத்து, அழுத்தம் மிகுந்தால் புகையை விலக்கிவிடும் வால்வும் அமைத்து, தினசரி ஓட்டத்துக்கு ஏற்றதாகச் செய்திருந்தார்கள். ஏறக்குறைய அதே வழியைத்தான் பெரியப்பாவும் சொன்னார்கள். அண்ணாவுக்கு இரண்டு நாள் கோபம்.

ஆகவே தீர்மானம் இது: திறன் பழையபடியே 150, ஆயுள் மட்டும் கூட வேண்டும். கீறல் போக நான்கு சிலிண்டர்களையும் 81 மில்லிமீட்டரிலிருந்து 81.5 மில்லிமீட்டராகக் குடைந்தார்கள். உருளையின் கன அளவு வாய்ப்பாட்டை வைத்து நாங்கள் கணக்கிட்டோம். பிஸ்டன் ஓடும் தூரம் 86.4 மில்லிமீட்டர். 1,781 கன சென்டிமீட்டராக இருந்தது 1,803 ஆகிறது. ஒன்றரை மேசைக்கரண்டி கூடுதல்!

பிஸ்டன் தேர்விலும் யோசனை இருந்தது. அடித்து உருவாக்கிய பிஸ்டன், வார்ப்புப் பிஸ்டனைவிட வலுவானது. ஆனால் அவற்றில் சிலிக்கான் குறைந்த வகை சூட்டில் அதிகம் விரியும். அதற்காகச் சுவரோடு அதிக இடைவெளி விட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது லொடலொடவென்று ஆடித் தேயும். பந்தயத்துக்கு அது பரவாயில்லை. தினமும் குளிர்ந்து சூடாகும் வண்டிக்கு, சிலிக்கான் சுமார் 12 சதவீதம் கலந்த, குறைவாக விரியும் வகையே மேல். அதையே வாங்கினார்கள். காற்றை எத்தனை மடங்கு நெருக்குவது என்ற விகிதத்தையும் குறைக்காமல் பழைய அளவிலேயே வைத்தார்கள். குறைத்தால் டர்போ விழிக்கும் வரை வண்டி சோம்பும், பெட்ரோலும் செலவாகும்.

குடைந்த பிறகு சுவரை ஹோனிங் செய்தார்கள். ஹெட் போல்ட்டுகளை இறுக்கினால் இரும்புப் பிளாக்கும் சற்றே நெளியுமாம்! ஆகவே ஹெட்டுக்குப் பதில் ஒரு கனமான தகட்டை அதே இறுக்கத்தில் பூட்டிக்கொண்டுதான் உள்ளே தேய்த்தார்கள். சுவரில் சிக்குக் கோலம் போலக் குறுக்கு நெடுக்காக மெல்லிய கோடுகள் விழுந்தன. எண்ணெய் தங்குவதற்கு அவையே இடம்.

அதன் பின் பிளாக்கைக் கழுவும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, துடைத்து, “முடிந்தது பெரியப்பா” என்றோம். அவர்கள் வெள்ளைத் துணியைச் சுவரில் ஓட்டிக் காட்டினார்கள். துணி சாம்பல் நிறமானது. ஹோனிங் கல்லின் துகள் கோடுகளுக்குள் பதுங்கியிருக்கும்; மண்ணெண்ணெய் அதைக் கிளப்பாது; சுடுநீரும் சோப்புத்தூளும் தூரிகையுமே கிளப்பும். அந்தத் துகள் உள்ளே தங்கினால் புது ரிங்குகளை அதுவே அரைத்துத் தின்றுவிடும். மறுபடி கழுவினோம். மறுபடி சாம்பல். எண்ணெய் செல்லும் துவாரங்களைப் புட்டி கழுவும் தூரிகையால் தேய்த்தோம். ஐந்தாம் முறைதான் துணி வெள்ளையாக வந்தது. வீட்டில் பாத்திரம் தேய்க்கச் சொன்னால் முகம் சுளிக்கும் நாங்கள்தான் இதைச் செய்தோம் என்று எங்கள் தாய்மார்கள் இன்றும் நம்ப மறுக்கிறார்கள்.

ரிங்குகளின் விஷயம் இன்னும் நுட்பமானது. ரிங் முழு வளையமல்ல. ஓரிடத்தில் வெட்டு இருக்கும். சூட்டில் ரிங் விரியும்போது வெட்டின் இரு முனைகளும் முட்டிக்கொண்டால், போக இடமில்லாமல் பிஸ்டனையே உடைக்கும். டர்போ எஞ்சினில் சூடு அதிகம். இடைவெளியும் சற்று அதிகம் வேண்டும். புது ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து ஃபீலர் கேஜால் அளந்தால் 0.25 மில்லிமீட்டர். வேண்டியது 0.40. மேல் இரண்டு ரிங் வீதம் நான்கு பிஸ்டனுக்கு எட்டு ரிங்குகளை, கொஞ்சம் தேய்ப்பது, அளப்பது, மறுபடி தேய்ப்பது என்று செய்தோம். ஆறாவது ரிங்கில் அவசரப்பட்டு 0.60 ஆக்கிவிட்டோம். தேய்த்ததை ஒட்ட வைக்க முடியாதல்லவா! வேறு ரிங் வரும் வரை வேலை ஒரு வாரம் நின்றது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

கிராங்கின் பேரிங் இடைவெளியை அளந்த விதமும் அழகு. மெல்லிய பிளாஸ்டிக் இழை ஒன்றை நடுவில் வைத்து மூடியை இறுக்கி, பிறகு கழற்றி, இழை எவ்வளவு நசுங்கி அகன்றது என்பதை அதனுடன் வரும் அட்டையில் ஒப்பிடுகிறார்கள். எங்களுக்கு 0.04 மில்லிமீட்டர் வந்தது. தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ஹெட் போல்ட்டுகள் அனைத்தும் புதியவை. இறுக்கும்போது நீண்டுவிடும் வகை ஆதலால் பழையவை ஆகாது. டார்க் ரெஞ்சால் 40 நியூட்டன் மீட்டர், பிறகு இருமுறை 90 டிகிரி திருப்பம், நடுவிலிருந்து ஓரம் நோக்கி. டைமிங் பெல்ட், டென்ஷனர், தண்ணீர்ப் பம்பு மூன்றும் புதிதாயின. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும். டர்போவுக்கு எண்ணெய் கொண்டு போகும் குழாய் உள்ளே கரி பிடித்திருந்ததால் அதையும் மாற்றினார்கள். கணிப்பொறியில் நிறுவனத்தின் பழைய கணக்கே திரும்ப ஏற்றப்பட்டது.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலை நிறுத்தி, ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றினார்கள். அழுத்தமானியின் முள் எழும் வரை யாரும் பேசவில்லை. முள் எழுந்தது. பிளக்குகளைப் பூட்டிச் சாவியைத் திருப்பினார் அத்தை. மூன்றாம் முறை பிடித்தது. கண்காட்சியில் இதை விளக்கியபோது சிஸ்டர் ஒருவர், “புது எஞ்சினை மெதுவாக, சும்மா ஓடவிட வேண்டுமல்லவா?” என்று கேட்டார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நின்ற இடத்தில் ஓடவிட்டால் ரிங்குகள் சுவரோடு படியாதாம். மிதமான சுமையில் ஏற்றியும் இறக்கியும் ஓட்ட வேண்டும். முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை, 1,000 கிலோமீட்டரில் மறுமுறை எண்ணெய் மாற்றப்பட்டது. முதலில் வடித்த எண்ணெயைக் காந்தத்தால் துழாவியபோது மெல்லிய பொடி மட்டுமே ஒட்டியது. துண்டு எதுவும் இல்லை.

அத்தை இப்போது மலையிலிருந்து இறங்கி வந்ததும் உடனே சாவியைத் திருப்புவதில்லை. ஓரிரு நிமிடம் நின்று ஓடவிட்டு, டர்போ ஆறிய பிறகே நிறுத்துகிறார். மூன்றாம் பிஸ்டன் எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஜன்னலோர அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. பார்க்க விரும்பும் தங்கைகள் ஆய்வக உதவியாளர் அக்காவிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். உடைந்த ஓரம் கூரானது, விரல் பத்திரம்.