பயணப் பெட்டியில் ஒரு கோடாலி

சிங்கப்பூரிலிருந்து தமிழகத்துக்குப் புறப்படுபவரின் பயணப் பெட்டியில் சாக்லேட்டு, சவர்க்காரம் ஆகியவற்றோடு கோடாலித் தைலமும் இருப்பது வழக்கம். "தலைவலிக்குத் தைலம் வேண்டும், மறக்காமல் வாங்கி வா" என்று ஊரில் உள்ள பாட்டி முன்பே சொல்லியிருப்பார். தமிழகக் கடைகளில் தைலத்துக்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும், கடல் கடந்து வரும் இந்தச் சிறு புட்டிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஒரு சிறு தொழில் அனைத்துலக வணிகமாக வளரும் விதத்தை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

சீனாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் குடியேறிய லியுங் யுன் சீ என்பவர், 1928ஆம் ஆண்டில் தம் மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். தைலத்தின் செய்முறையை அவருக்குத் தந்தவர் ஷ்மைட்லர் என்ற ஜெர்மானிய மருத்துவர். அன்றைய சிங்கப்பூரில் மலாய், தமிழ், ஆங்கிலம், பல்வேறு சீனக் கிளைமொழிகள் எனப் பல மொழிகள் புழங்கின. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஏராளம். அத்தகைய சந்தையில் எந்த மொழியில் பெயர் எழுதினாலும் பாதிப்பேருக்குப் புரியாது. ஆனால், கோடாலியின் படம் எல்லாருக்கும் புரியும். தமிழர்களிடையே இது 'கோடாலித் தைலம்' என்றே பெயர் பெற்றது. வணிகச் சின்னம் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேண்டியதில்லை.

எனினும், சிங்கப்பூர் சிறிய சந்தை. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர் மட்டுமே. ஒரு புட்டித் தைலம் பல வாரங்களுக்கு வரும். அப்படியானால், உள்ளூர் விற்பனை ஓர் அளவுக்குமேல் உயராது.

இங்கேதான் பொருளியலின் அடிப்படைக் கணக்கு ஒன்று வருகிறது. ஒரு தைலப் பட்டறையின் வாடகை, இயந்திரம், ஊழியர் சம்பளம் ஆகியவற்றுக்கு மாதம் 10,000 வெள்ளி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை புட்டிகள் தயாரித்தாலும் இத்தொகை மாறாது. இது நிலையான செலவு. எண்ணெய், கண்ணாடிப் புட்டி, அட்டை ஆகியவற்றுக்குப் புட்டி ஒன்றுக்கு 2 வெள்ளி ஆகிறது. இது மாறும் செலவு. மாதம் 5,000 புட்டிகள் தயாரித்தால், ஒரு புட்டியின் அடக்கவிலை 4 வெள்ளி. அதே பட்டறை 20,000 புட்டிகள் தயாரித்தால் அடக்கவிலை 2 வெள்ளி 50 காசாகக் குறைகிறது. ஆனால், கூடுதலான 15,000 புட்டிகளை யார் வாங்குவது? உள்ளூரில் ஆள் இல்லையென்றால் வெளியூரில்தான் தேட வேண்டும். சிறிய நாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டுச் சந்தையை நாடுவது பெரும்பாலும் ஆசையால் அன்று, தேவையால்தான்.

எல்லாப் பொருள்களும் இப்படிப் பயணம் செய்துவிட முடியாது. செங்கலை ஏற்றுமதி செய்தால், கப்பல் கூலி செங்கலின் விலையையே தாண்டிவிடும். தைலம் அப்படியன்று. மிகச் சிறிய புட்டியில் 3 மில்லிலிட்டர்தான் இருக்கும். எடை குறைவு, மதிப்பு அதிகம், எளிதில் கெடாது. அத்துடன், 1819 முதல் தடையற்ற துறைமுகமாக விளங்கிய சிங்கப்பூரில் பல நாட்டுக் கப்பல்களும் வந்து போயின. இவ்வட்டாரத்து முஸ்லிம்கள் பலர் இங்கிருந்தே ஹஜ் யாத்திரைக்குக் கப்பலேறினர். நீண்ட கடற்பயணத்தில் தலைச்சுற்றலுக்கு உதவுமென்று அவர்கள் கொண்டுசென்ற தைலம், அவ்வழியே மத்தியக் கிழக்கில் அறிமுகமானது. இந்தியாவுக்குத் திரும்பிய தொழிலாளர்களும் அதைத் தங்கள் ஊருக்கு எடுத்துச் சென்றனர்.

தைலத்தில் கலந்திருக்கும் மென்தால், யூக்கலிப்டஸ் எண்ணெய், கற்பூரம் ஆகியவற்றுக்கான பயிர்களோ மரக்காடுகளோ சிங்கப்பூரில் இல்லை என்பது சுவையான செய்தி. இயற்கை மென்தாலை உலகிலேயே மிக அதிகமாக உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. உத்தரப் பிரதேச வயல்களில் அதற்கான புதினா வகை பயிரிடப்படுகிறது. அப்படியிருந்தும், தைலம் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்குப் போகிறது. மூலப்பொருளை இறக்குமதி செய்து, கலந்து, புட்டியில் அடைத்து, சின்னம் பொறித்து விற்கும்போது அதன் மதிப்பு கூடுகிறது. வாங்குபவர் எண்ணெய்க்கு மட்டும் பணம் தருவதில்லை. 'இது அசல்' என்ற நம்பிக்கைக்கும் சேர்த்தே தருகிறார்.

அந்த நம்பிக்கையைக் காப்பதுதான் கடினம். ஒரு பொருளுக்கு வெளிநாட்டில் பெயர் கிடைத்தவுடன் அதைப் போலவே போலிகளும் முளைக்கின்றன. ஆகவே, விற்கும் ஒவ்வொரு நாட்டிலும் சின்னத்தைப் பதிவு செய்ய வேண்டும். மருந்துப் பொருளென்றால் அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் அனுமதியும் தேவை. சுங்க வரி, முகவரின் தரகு ஆகியவை விலையை ஏற்றிவிடும். நாணய மாற்று விகிதமும் சும்மா இராது. ஒரு புட்டியை 200 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். ஒரு வெள்ளிக்கு 40 ரூபாய் என்றால் கையில் கிடைப்பது 5 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 50 ரூபாயானால் 4 வெள்ளிதான். தைலமும் மாறவில்லை, வாங்குபவரும் மாறவில்லை. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இத்தகைய இழப்பு ஒரு நாட்டில் நேர்ந்தாலும் நிறுவனம் நிலைகுலையாமல் இருக்க, பல நாடுகளில் விற்பது உதவுகிறது.

நாட்டின் ஏற்றுமதியைக் கணக்கிடுபவர்கள், கப்பலிலும் விமானத்திலும் வணிகச் சரக்காகச் செல்லும் பெட்டிகளையே எண்ணுகிறார்கள். லிட்டில் இந்தியாவில் ஒருவர் ஒரு டஜன் தைலம் வாங்கி, சேலைகளுக்கு இடையே பத்திரமாக வைத்து ஊருக்கு எடுத்துச் சென்றால், அது உள்ளூர் விற்பனையாகவே பதிவாகும். பாட்டிக்குப் போய்ச் சேர்ந்த அந்தத் தைலம் எந்த ஏற்றுமதிப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.