ஓடும் தரவு – 7: தாங்கி நிரம்பினால் யார் நிறுத்துவது?

உலாவியில் துண்டு துண்டாக ஓடிவரும் தரவுதான் ஸ்ட்ரீம்; அதைப் படிக்க ஒரு நேரத்தில் ஒரு ரீடர்தான் என்று போன வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டுங்கள்.

ஸ்ட்ரீமை இரண்டு கிளையாகப் பிரிக்கும் 'டீ' பற்றி இன்று எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் ஸ்ட்ரீமுக்குள் தரவை இடும் கொன்ட்ரோலரின் ஒரு குணம் என்னைப் பிடித்துக்கொண்டது.

ரீடபிள் ஸ்ட்ரீம் ஒன்றை நாமே கட்டும்போது ஸ்டார்ட், புல், கேன்சல் என்று மூன்று ஃபங்ஷன்கள் எழுதலாம். முதல் இரண்டிலும் உலாவி நம் கையில் ஒரு கொன்ட்ரோலரைத் தருகிறது. அதன் 'என்கியூ'வை அழைத்தால் தரவுத் துண்டு வரிசையில் சேரும். வரிசைக்கு 'ஹை வாட்டர் மார்க்' என்றொரு எல்லை உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் வழக்கமான ஸ்ட்ரீமில் அது ஒரே ஒரு துண்டு. எல்லையிலிருந்து வரிசையில் கிடப்பதைக் கழித்தால் 'டிசயர்ட் சைஸ்'. அது பூச்சியத்துக்கு மேல் இருந்தால் உலாவி புல்லை அழைத்து, இன்னும் கொண்டுவா என்கிறது.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. பிரிட்டிஷார் கட்டிய தாங்கிகள் அவை, ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று அழிந்தது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலும் இவற்றுக்கு இடம் கிடைத்தது. 2022 ஜனவரியில் 14 தாங்கி லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு என்று பங்கு பிரிந்தது. ஆக 99. கப்பலிலிருந்து எண்ணெய் இறங்கும்போது மட்டம் ஏறிவிட்டால் பம்பை நிறுத்தத்தான் வேண்டும்.

கொன்ட்ரோலர் நிறுத்தாது. டிசயர்ட் சைஸ் பூச்சியமான பிறகும் என்கியூ செய்தால் மறுப்பில்லாமல் வாங்கிக்கொள்ளும். கணக்கு மறை ஒன்று, மறை இரண்டு என்று இறங்கிக்கொண்டே போகும். இந்த வாரம் என்னைத் தூங்கவிடாதது இந்த மறை எண்தான். வழிவது கண்ணுக்குத் தெரியாது, போனின் நினைவகம் மட்டும் நிரம்பும்.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை உலாவியில் வரைகிறோம் என்று வையுங்கள். ஓடும் பெரிய கப்பலின் ஏஐஎஸ் கருவி 2 முதல் 10 செக்கனுக்கு ஒரு தடவை தன் இடத்தைச் சொல்லும். நங்கூரமிட்டால் 3 நிமிடத்துக்கு ஒரு தடவை. அதை வழக்கமான வெப் சொக்கட்டில் வாங்கினால், கொஞ்சம் பொறு என்று மறுமுனைக்குச் சொல்ல அதில் வழி கிடையாது. என்கியூவுக்கு முன் டிசயர்ட் சைஸைக் கேட்பது நம் பொறுப்பு. இடமில்லையென்றால் ஒவ்வொரு கப்பலின் கடைசி இடத்தை மட்டும் தனியே வைத்திருந்து, புல் வரும்போது கொடுங்கள்.

முடிக்கும்போதும் கவனம். குளோஸ் செய்தால் வரிசையில் மிச்சம் கிடப்பதை ரீடர் படித்து முடிக்கலாம். எரர் என்றால் அவ்வளவும் வீசப்படும்.

டீ அடுத்த வாரம் நிச்சயம். அதற்குள் உங்கள் நிரலில் என்கியூ வரும் இடங்களைத் தேடி, அதற்கு முன் டிசயர்ட் சைஸ் கேட்கப்படுகிறதா என்று பாருங்கள்.