புயலுக்கு முன் வீடு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நம் கண்கள் வங்கக் கடலை நோக்கித் திரும்புகின்றன. துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகள் கப்பல்களுக்கு உரியவை. இராயப்பேட்டைச் சந்துகளில் வாழும் நமக்கு, வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பும் அதன்பின் கிடைக்கும் ஓரிரு நாளுமே கையிருப்பு. அந்நாள்களை வீணாக்குவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் அறிவோம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. காற்று மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசியது. பிற்பகலில் புயலின் கண் நகரின்மீது வந்தபோது காற்று அடங்கிற்று. ஓய்ந்தது என்றெண்ணியோர் தெருவுக்கு வந்தனர். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் சீறியது. காரணம் எளியதே. நம் பகுதியில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. கிழக்கிலிருந்து வரும் புயலின் முற்பாதியில் வடகாற்றும் பிற்பாதியில் தென்காற்றும் வீசும். ஆகவே வடபுறச் சன்னலை அடைத்துத் தென்புறத்தை விட்டுவைப்பது பாதிக் காவலே. முற்பாதியில் வேர் தளர்ந்த மரம் பிற்பாதியில் சாயலாம். இடைப்பட்ட அமைதியில் வாசற்படி தாண்டலாகாது.

மொட்டைமாடியில் கிடக்கும் தகரமும் பூந்தொட்டியும் முதலில் கீழிறங்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டால் அது காற்றில் புரளாது. மின்சாரம் நின்று மோட்டார் ஓடாதபோது நீரும் கிடைக்கும். வர்தாவுக்குப் பின் சில பகுதிகள் பல நாள்கள் இருளில் கிடந்தன. ரூபாய்த்தாள் தட்டுப்பாடு நிலவிய காலம் வேறு. அட்டையை மட்டும் நம்பியோர் கடை வாயிலில் திகைத்தனர். சில்லறைப் பணம் வீட்டில் இருக்கட்டும்.

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் ஆந்திரத்தின் பாபட்லா அருகேதான் கரையேறியது. எனினும் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. பால் கிடைக்காமல் குழந்தைகள் வாடினர். தரையடித் தொட்டியில் சாக்கடை கலந்துவிட்டால் அந்நீர் உளூச் செய்யவும் உதவாது. எனவே குடங்களில் நீரை மூடி உயரத்தில் வைப்பதும், பால்மாவு வாங்கி வைப்பதும் இல்லத்தரசியின் தலையில் மட்டும் சுமத்தத்தக்க வேலைகளல்ல. வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை ஆகியன பிளாஸ்டிக் உறையில் பரணுக்குச் செல்லட்டும். வாசலில் நீர் ஏறும்போதே மெயின் சுவிட்சை அணைத்தல் வேண்டும்.

தரைத்தளத்தில் தனித்து வாழும் முதியோரை யாரும் எளிதில் மறந்துவிடுகிறோம். அவர்களுடைய மருந்துகளை ஒரு வாரத்துக்கு முன்னதாகவே வாங்கித் தரலாம். இருளில், முழங்கால் நீரில், படிக்கட்டில் தூக்கிச் செல்வதைவிட, முதல்நாள் மாலையே மாடிவீட்டுக்கு அழைத்துவந்து விடுவது எளிது.