உப்பு ஏரிக்கு அப்பால் ஒரு ஹவாய்

மார்மன் சமயத்தில் சேர்ந்த ஹவாய்த் தீவினர் சிலர், கோயிலுக்கு அருகில் வாழ விரும்பி அமெரிக்காவின் சால்ட் லேக் நகருக்கு வந்தனர். அங்கோ நிறபேதம். சமய சபை 1889-இல் அவர்களை ஸ்கல் பள்ளத்தாக்கில் குடியமர்த்தியது. ஊரின் பெயர் யோசெபா. ஜோசப் என்பதன் ஹவாய் வடிவம்.

கடலோடு வளர்ந்தவர்களுக்கு வாய்த்தது பாலைவனம்! கடுங்குளிர், நோய், அடுத்தடுத்து மரணங்கள். தொழுநோயும் வந்தது. ஆயினும் மலையிலிருந்து நீர் கொணர்ந்து, தெருவெங்கும் மரம் நட்டார்கள். 1911-இல் மாநிலத்தின் சிறந்த ஊருக்கான பரிசும் கிடைத்தது.

1915-இல் ஹவாயிலேயே கோயில் எழும் என்றதும் ஊர் கலையத் தொடங்கியது. 1917-இல் வெறிச்சோடியது. புதைத்தவர்களை மட்டும் விட்டுச் செல்ல நேர்ந்தது. ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் வம்சாவளியினர் வந்து, அக்கல்லறைகளுக்கு மலர் சூட்டுகிறார்கள்.