அடுப்பங்கரையும் ‘முழுமை நல’மும்: சில குறிப்புகள்

மாற்று மருத்துவம் பற்றிச் சிறுபத்திரிகைகளில் நாம் எழுதிவந்தவை பெரும்பாலும் ஒரே திசையில் போகிறவை. நவீன மருத்துவம் உடலைத் துண்டு துண்டாகப் பார்க்கிறது, நோயாளியை விட்டுவிட்டு நோயை மட்டும் விசாரிக்கிறது என்போம். ஃபூக்கோவின் ‘மருத்துவமனையின் பிறப்பு’ (1963) துணைக்கு வரும். மருத்துவமே நோயை உண்டாக்குகிறது என்று 1975-ல் இவான் இல்லிச் வைத்த வாதம் வரும்: சிகிச்சையால் நேரும் கேடு, மருத்துவத்தை அண்டியே வாழப் பழகிவிட்ட சமூகம், வலியையும் சாவையும் எதிர்கொள்ளும் பண்பாட்டு வலுவை இழப்பது என மூன்று தளங்களில். நானும் இப்படி எழுதியவன்தான். அதில் எதையும் வாபஸ் வாங்கப்போவதில்லை. ஆனால் இந்த விமர்சனம் எட்டிப் பார்க்காமலே விட்டுவிட்ட ஓர் இடம் உண்டு. அது எங்கள் வீட்டு அடுப்பங்கரை.

2009-ல் அப்பாவுக்கு ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், உடம்பைக் கீறாத துளைக்காத வழியில் நோயை வருமுன் தடுக்கலாம் என்று ஓர் இயற்கை நலவாழ்வு முகாமுக்குப் போனார். ஒரு துண்டறிக்கையோடு திரும்பினார். விடியலில் வெறும் வயிற்றில் அருகம்புல் சாறு. காலையில் வரகுக் கஞ்சி, மதியம் கைக்குத்தல் அரிசி, தினம் ஒரு கீரை, வாரம் மூன்று நாள் வாழைத்தண்டு. சமையல் மண்சட்டியில், விறகடுப்பில். கேஸ் அடுப்பில் வைத்தால் உயிர்ச்சத்து போய்விடுமாம். அந்தத் துண்டறிக்கையின் தமிழைத் திருத்திக் கொடுத்தவன் நான். ‘உங்கள் ஆரோக்கியம் உங்கள் கையில்’ என்ற தலைப்பும் நான் வைத்ததுதான்.

யாருடைய கையில்? அருகம்புல்லை வரப்பில் தேடிப் பறித்து, அலசி, இடித்துப் பிழிந்தவள் அம்மா. வரகின் உமி லேசில் விடாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். கீரை ஆய்வது, தண்டை அரிந்து நாரை விரலில் சுற்றி எடுப்பது, மண்சட்டியை அடிப்பிடிக்காமல் கிண்டுவது எல்லாம் அவள்தான். அப்பா செய்தது இரண்டு: நடந்தார், சாப்பிட்டார். சர்க்கரை இறங்கியது. இதை மறைத்து எழுதினால் நான் பொய்யன். வருமுன் காப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை ஏறக்குறைய மூன்று வருஷம் தொடர்ந்தது. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்காரர்கள் ஆனார்கள். உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். உணவு மாற்றம் மருந்துக்குச் சமமாக நின்றது என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அங்கே எண்ணப்பட்டது உண்டவரின் ரத்தம். சமைத்தவரின் நேரத்தை எண்ண யாருக்கும் தோன்றுவதில்லை.

‘முழுமை’ என்கிற சொல்லையே கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம். உடல், மனம், சூழல் மூன்றையும் பிரிக்காமல் பார்ப்பது கீழைத்தேய ஞானம் என்று முகாமில் சொல்கிறார்கள். அந்தப் பார்வை இங்கே பழையதாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் வாயில் புழங்கும் ‘ஹோலிஸம்’ என்ற சொல் 1926-ல் ஒரு புத்தகத்தில் பிறந்தது. எழுதியவர் தென்னாப்பிரிக்காவின் யான் ஸ்மட்ஸ். காந்தியைச் சிறையில் தள்ளிய அதே ஸ்மட்ஸ், 1914-ல் காந்தி தன் கையால் தைத்த செருப்பைப் பரிசாகப் பெற்றவர். பகுதிகளைக் கூட்டினால் வருவதைவிட முழுமை பெரியது என்று தத்துவம் சொன்னவர், கறுப்பின மக்களைத் தனியே ஒதுக்கிவைக்கும் அரசியலை நடத்தினார். 1946-ல் அவரது அரசு கொண்டுவந்த நிலச் சட்டம் நேட்டாலில் இருந்த இந்தியர்கள், அவர்களில் தமிழர்களும், எங்கே நிலம் வாங்கலாம் எங்கே குடியிருக்கலாம் என்று கோடு கிழித்தது. முழுமையைப் பற்றிப் பேசுகிறவர், யார் அதற்கு உள்ளே யார் வெளியே என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார்.

காந்தியின் இயற்கை வைத்தியமும் ‘நம் பாட்டி வைத்தியம்’ அல்ல. லூயி கூனேயின் தொட்டிக் குளியல், அடால்ஃப் ஜஸ்டின் மண்பட்டி, இரண்டும் ஜெர்மனியிலிருந்து புத்தகமாக வந்தவை. (வந்தால் என்ன? வரட்டும். தூய்மை பேசுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.) நான் கவனிக்கச் சொல்வது கஸ்தூரிபாவை. தென்னாப்பிரிக்காவில் அவருக்கு ரத்தப்போக்கு. உப்பையும் பருப்பையும் விடச் சொல்கிறார் காந்தி. உம்மால்கூட அது முடியாதே என்கிறார் மனைவி. உடனே காந்தி ஒரு வருஷத்துக்கு இரண்டையும் விட்டுவிடுகிறார். மனைவி அழுது, பணிந்துபோகிறார். உடம்பும் தேறியது. சுயசரிதையில் இதை வீட்டுக்குள் நடந்த சத்தியாகிரகம் என்று காந்தி பெருமையோடு குறிக்கிறார்.

மருத்துவமனைகள் பாவத்தைப் பெருக்குகின்றன என்று 1909-ல் ‘இந்து சுயராஜ்ய’த்தில் எழுதியவர், 1924 ஜனவரியில் புனே சஸூன் மருத்துவமனையில் குடல்வால் அறுவைக்குத் தன் வயிற்றைக் கொடுத்தார். பிழைத்தார், நல்லது. 1944 பிப்ரவரியில் அதே புனேயில், ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா சாகக் கிடந்தபோது, மகன் தேவதாஸ் பெனிசிலின் போட விரும்பினார். அடிக்கடி ஊசி குத்த வேண்டும் என்றதும் காந்தி மகனைத் தடுத்துச் சமாதானப்படுத்தினார். 22-ஆம் தேதி அவர் இறந்தார். மருந்து அந்நிலையில் அவரைப் பிழைக்கவைத்திருக்குமா என்பதல்ல என் கேள்வி. துளைக்கலாமா கூடாதா என்ற முடிவு யாரிடம் இருந்தது என்பதுதான்.

2016-ல் அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. குழாயில் ஊதச் சொன்னார் டாக்டர். மூச்சை முழுக்க இழுத்து வேகமாக ஊதும்போது, வெளியேறும் மொத்தக் காற்றில் முதல் வினாடியில் எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது எழுபது சதவீதத்துக்குக் கீழே நின்றால் குழாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அம்மாவுக்குக் கீழேதான் நின்றது. “வீட்ல யாராச்சும் சிகரெட் பிடிப்பாங்களா?” என்றார். இல்லை. “வெறகுல சமைக்கிறீங்களா?”

விறகுப் புகையில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் உண்டு. மூக்கோ தொண்டையோ அவற்றைத் தடுக்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்காரும். வருஷக்கணக்கில் உள்ளே அழற்சி, பிறகு குழாய்ச் சுவர் தடித்துவிடும். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. புகைபோக்கி இல்லாத விறகடுப்பின் முன்னால் அது நூற்றுக்கணக்கில் போகும். புகைபிடிக்காத பெண்களுக்கு இந்த மூச்சடைப்பு நோய் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கல்யாணமான புதிதில் பதினைந்து வருஷம் அம்மா விறகில்தான் சமைத்தாள். பிறகு கேஸ் வந்தது. அப்புறம் எங்கள் துண்டறிக்கை வந்தது. அந்த ஏழு வருஷத்தின் பங்கு இவ்வளவு என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அது ஆறுதலாகவும் இல்லை.

கத்தி படாத, ஊசி படாத வைத்தியம் என்று நான் எழுதிய இடத்தில் அவள் உடம்புக்குள் புகை போய்க்கொண்டிருந்தது. அதைத் துளைத்தல் என்று சொல்ல நம்மிடம் வார்த்தை இருக்கவில்லை. ‘உணவே மருந்து’ என்கிற சொல்லாடலில் உண்பவன் எழுவாய். சமைப்பவள் அந்த வாக்கியத்தில் எங்குமே வருவதில்லை. மருத்துவமனையை விமர்சித்து மருத்துவத்தை வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்றோம். வீட்டில் தாதி, மருந்து தயாரிப்பவர், சமையல்காரர் எல்லாமாக ஒருத்தி ஏற்கனவே இருக்கிறாள், அவளுக்குச் சம்பளமில்லை, விடுப்புமில்லை என்பதை நாம் பேசவில்லை. இல்லிச்சின் பட்டியலில் நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது: நலம் பேணுதல் உண்டாக்கும் நோய்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “ஒங்கப்பாவுக்கு சக்கரை எறங்குச்சுல்ல, அத விடு” என்றாள். பிறகு கொஞ்சம் இளைப்பு வாங்கிக்கொண்டு, “நீயும்தானே அந்தக் கஞ்சியக் குடிச்ச” என்றாள்.

இப்போது கேஸ் அடுப்புதான். காலையும் இரவும் அம்மா இன்ஹேலர் இழுக்கிறாள். அப்பாவுக்கு ருசி மட்டுப்பட்டுவிட்டதாகக் குறை. வரகை நான் குத்துகிறேன், புடைக்கத் தெரியவில்லை, பாதி முறத்துக்கு வெளியே போகிறது. வாரத்தில் இரண்டு நாள்தான் முடிகிறது. மற்ற நாள் கடையில் உமி நீக்கி விற்பதை வாங்குகிறோம்.