கை சொல்லும் காய்ச்சல், தெர்மாமீட்டர் சொல்லும் காய்ச்சல்: எதை, எப்போது நம்பலாம்?

இரவு இரண்டு மணி. தூளியில் கிடக்கும் குழந்தை சிணுங்குகிறது. அம்மா எழுந்து நெற்றியில் கை வைக்கிறார். “அத்தை, கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன். உடம்பு சுடுற மாதிரி இருக்கு.” மாமியார் புறங்கையைக் குழந்தையின் கழுத்தில் வைத்துப் பார்க்கிறார். “லேசாத்தாம்மா இருக்கு. காலையில பார்த்துக்கலாம்.” அலமாரியில் தெர்மாமீட்டர் இருக்கிறது. யாரும் அதை எடுக்கவில்லை.

அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது, பாலும் தண்ணீரும் குடிக்கிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது என்றால் மாமியார் சொன்னதில் பெரிய தவறில்லை. ஆனால், அது பிறந்து இரண்டு மாதமே ஆன குழந்தை என்றால், காலை வரை காத்திருப்பது ஆபத்தில் முடியலாம்.

காய்ச்சல் பார்க்கும் வழிகள் இன்று பல இருக்கின்றன. அம்மாக்கள் ஏன் கையையே முதலில் நம்புகிறார்கள்? அந்த நம்பிக்கை எதுவரை சரி?

கை வைத்துப் பார்ப்பது தப்பா?

தப்பில்லை. கைக்குச் செலவில்லை, தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை, பேட்டரி தீராது. நெற்றி, கழுத்து, வயிறு என்று தினமும் தொட்டுப் பழகிய அம்மாவுக்குக் குழந்தையின் வழக்கமான சூடு தெரியும். அதில் மாற்றம் வந்தால் சட்டென்று பிடிபடும்.

இதுபற்றிப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. “சுடவில்லை” என்று அம்மா சொன்னால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. “சுடுகிறது” என்று சொல்லும்போதுதான் கணிப்பு அடிக்கடி தவறுகிறது. போர்த்தியிருந்த குழந்தை, அழுது ஓய்ந்த குழந்தை, வெயிலில் வந்த குழந்தை எல்லாமே கைக்குச் சூடாகத் தெரியும். பாத்திரம் கழுவிய ஈரக்கையால் தொட்டால், சாதாரண உடம்பும் கொதிப்பதுபோல இருக்கும்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்டுள்ள வழிகாட்டுதல், “குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தது” என்று பெற்றோர் சொல்வதை மருத்துவர்கள் செல்லத்தக்கதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. எனவே, “வீட்டுல சுட்டுச்சு டாக்டர், இங்க வந்ததும் குறைஞ்சிடுச்சு” என்று சொல்ல அம்மாக்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

‘உள்காய்ச்சல்’ என்று ஒன்று உண்டா?

“வெளிய தெரியல, உள்காய்ச்சலா இருக்கும்” என்று பாட்டிமார் சொல்வதுண்டு. மருத்துவத்தில் இந்தப் பெயரில் தனி நோய் இல்லை. ஆனாலும் அதற்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. காய்ச்சல் ஏறத் தொடங்கும்போது தோலுக்கு அருகிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கை, கால் சில்லிட்டுப் போகும், நடுக்கமும் வரலாம். அந்த நேரத்தில் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். பாதத்தை மட்டும் தொட்டுப் பார்ப்பவர், “ஜில்லுன்னுதானே இருக்கு” என்று ஏமாந்துபோவார்.

இந்தச் சந்தேகத்தைத் தெர்மாமீட்டர் தீர்த்துவிடும். அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை வைத்துப் பார்த்தால் போதும். பல முறை பார்த்தும் அளவு ஏறவில்லை, குழந்தை மட்டும் சோர்ந்தே இருக்கிறது என்றால், அந்தச் சோர்வுக்காகவே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எந்த இடத்தில் வைப்பது?

*அக்குள்:* நம் ஊர் அம்மாக்களுக்குப் பழக்கமான இடம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். வியர்வையைத் துடைத்துவிட்டு, டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனி தோலில் படும்படி வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். ‘பீப்’ சத்தம் வரும்வரை எடுக்கக் கூடாது. உடலின் உள் வெப்பத்தைவிட இங்கே சற்றுக் குறைவாகவே காட்டும்.

*வாய்:* நாக்கின் அடியில் வைத்து, வாயை மூடி, கடிக்காமல் இருக்கத் தெரிந்த குழந்தைக்கு மட்டும்தான் இது சரிப்படும். ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம்.

*ஆசனவாய்:* கைக்குழந்தைகளுக்கு இதுவே துல்லியமானது என்று அமெரிக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். பிரிட்டன் வழிகாட்டுதலோ, வழக்கமாக இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. வீட்டில் தயக்கத்தோடு இதைச் செய்து பார்ப்பதைவிட, அக்குளில் ஒழுங்காகப் பார்ப்பது மேல்.

*காது:* சில நொடிகளில் அளவு தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காதுத்துளை சிறியது என்பதால் சரியாக வராது. காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் அளவு மாறும்.

*நெற்றியில் காட்டும் ‘கன்’:* கொரோனா காலத்தில் வாசலுக்கு வாசல் பார்த்த கருவி. குழந்தையைத் தொடாமலே பார்க்கலாம் என்பதால் பலருக்குப் பிடித்துப்போனது. இது அளப்பது தோலின் சூட்டை. வியர்வை, ஃபேன் காற்று, ஏசி எல்லாம் அளவை மாற்றும். சில கருவிகளில் உடம்புக்கு ஒன்று, பொருட்களுக்கு ஒன்று என இரண்டு ‘மோடு’கள் உண்டு. மாற்றி வைத்துவிட்டால் காய்ச்சலே இல்லாததுபோலக் காட்டும். சந்தேகம் வந்தால் அக்குளில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாக, மினமாட்டா உடன்படிக்கை 2020-ஐ அதன் உற்பத்திக்கும் வர்த்தகத்துக்கும் இறுதி ஆண்டாக வைத்தது. உடைந்தால் சிதறும் மணிகளைக் கையால் தொடவோ துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. ஜன்னலைத் திறந்து, குழந்தையை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, கெட்டி அட்டையால் அவற்றை ஒன்றுசேர்த்து மூடியுள்ள பாட்டிலில் போட வேண்டும்.

‘38 தானே காட்டுது?’

நம் வீடுகளில் காய்ச்சலை “நூறு”, “நூத்தி ரெண்டு” என்று ஃபாரன்ஹீட்டில்தான் சொல்கிறோம். டிஜிட்டல் கருவி தவறுதலாகச் செல்சியஸுக்கு மாறியிருந்தால் 38 என்று காட்டும். “கம்மியாத்தான் இருக்கு” என்று விட்டுவிடக் கூடாது. 38 டிகிரி செல்சியஸ் என்பது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது காய்ச்சல். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கை மட்டும் போதாத நேரங்கள்

முதலாவது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை. இந்த வயதில் கடுமையான தொற்றுக்குக் காய்ச்சல் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். 100.4 அல்லது அதற்கு மேல் இருந்தால், நேரம் எதுவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அக்குளில் 99.5 (37.5 செல்சியஸ்) இருந்தாலே அதை அபாய அறிகுறியாகப் பார்க்கும்படி இந்தியாவில் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுத்தரப்படுகிறது. டாக்டரைக் கேட்காமல் காய்ச்சல் சொட்டு மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை, ஆனால் தொட்டால் சுடுகிறது என்றாலும் கிளம்பிவிட வேண்டும்.

இரண்டாவது, சில்லிட்டுப்போன பச்சிளங்குழந்தை. தொற்று வந்தால் சில குழந்தைகளுக்கு உடம்பு சூடாகாமல் குளிர்ந்துவிடும். அக்குளில் 95.9-க்குக் (35.5 செல்சியஸ்) கீழே போனால் அதுவும் அபாயம். “சுடலையே” என்று நிம்மதி அடைய முடியாது.

மூன்றாவது, டெங்கு காலம். டெங்குவில் காய்ச்சல் குறையும் நாட்கள்தான், அதாவது பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, ஆபத்தானவை. “காய்ச்சல் விட்டுடுச்சு” என்று கை சொல்லும் அந்த நேரத்தில் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை இருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

“ரொம்ப காய்ச்சலா இருந்துச்சு” என்பதைவிட, “ராத்திரி ரெண்டு மணிக்கு அக்குள்ல 101, ரெண்டேகாலுக்கு சிரப் கொடுத்தேன், நாலு மணிக்கு 99.6” என்று சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. அக்குளில் பார்த்ததற்கு ஒரு டிகிரி கூட்டிச் சொல்லும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. டாக்டரும் தன் பங்குக்கு ஒன்று கூட்டிக்கொண்டால் 100 என்பது 102 ஆகிவிடும். காட்டிய எண்ணையும் பார்த்த இடத்தையும் அப்படியே சொல்வதே சரி.

எண் குறைவாக இருந்தாலும் மூச்சுத்திணறல், வலிப்பு, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடப்பது போன்றவை இருந்தால் தெர்மாமீட்டரைத் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம். மற்ற இரவுகளில், கை “சுடுது” என்று சொன்னவுடன் அலமாரியைத் திறந்து தெர்மாமீட்டரை எடுக்க ஒரு நிமிடம் போதும்.